இடைக்கடலில் திணறும் இன்ஜின்

கறுப்புப் பாறைக்கு நேரே வந்ததும் இன்ஜின் இருமத் தொடங்கியது.

அதுவரை ஒரு குறையும் இல்லை. துறைச் சுவருக்குள் மெதுவாகப் போகும்போது சமாதானமாக முனகிக்கொண்டு வந்தது. சுவரைத் தாண்டியதும் படகுக்காரி பி-யுன் வேகப் பிடியை முழுக்க முறுக்கினாள். படகின் மூக்கு எழும்பியது. நாலு நிமிடம் பாய்ந்திருப்போம். பிறகு ஒரு இருமல், ஒரு தயக்கம், மறுபடி கொஞ்சம் வேகம், மறுபடி இருமல். அவள் பிடியைத் தளர்த்தினால் சரியாகிவிடுகிறது. முறுக்கினால் விக்குகிறது.

"பாழாப்போன இன்ஜின்! மெதுவாப் போனா புது மருமக மாதிரி அடங்கி இருக்கு. கொஞ்சம் வேகமா வாடின்னா மாமியார் வேஷம் போடுது."

சொல்லிக்கொண்டே படகைத் திருப்பினாள். திருப்பித்தான் ஆக வேண்டும். எங்கள் தீவுக்கும் பெரிய தீவுக்கும் நடுவே உள்ள இடைக்கடலில் நீரோட்டம் தெற்கே இழுக்கிற நேரம் அது. பாதி வேகத்தில் போனால் பெரிய தீவுக்குப் போய்ச் சேர மாட்டோம். பாறைத் திட்டுக்குத்தான் போவோம்.

நான் படகின் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி. ஒரு மணிக்கு நான் பெரிய தீவு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் இருக்க வேண்டும்.

என் பெயர் திங்-ஆன். அறுபத்து மூன்று வயது. நாலு வருடமாகத் திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் கடலைக் கடந்து போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவன். சீனப் புத்தாண்டுக் கூட்டம் ஓய்ந்ததும் பயணிகள் படகைப் பழுது பார்க்கக் கரையேற்றிவிட்டார்கள். பத்து நாள் ஆகும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு நான் துறையில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு பி-யுன் வலைக் கூடையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "என் படகு இருக்குல்ல, அண்ணே" என்றாள். அவ்வளவுதான். நான் கேட்கவும் இல்லை, அவள் யோசிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை நீரோட்டம் சாதகமாக இருந்ததால் இருமி இருமி எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தது. புதன்கிழமை காற்றும் எதிர், ஓட்டமும் எதிர். இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் திரும்பினோம். இன்று வெள்ளி. ஒரு நாள் தவறினால் உடம்பு முணுமுணுக்கும். அடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் போனில் சொன்னார். அந்தக் குரலை நான் மறக்கப் பார்க்கிறேன்.

நேற்றிலிருந்தே படுக்க முடியவில்லை. படுத்தால் யாரோ நெஞ்சின் மேல் ஈரச் சாக்கைப் போட்டது போல் இருக்கிறது. நாற்காலியிலேயே உட்கார்ந்து விடிய வைத்தேன். கணுக்கால் இரண்டும் வீங்கி ரப்பர் செருப்புக்குள் நுழைய மறுக்கின்றன. தோலெல்லாம் அரிப்பு. தாகம் வேறு. ஆனால் குடிக்கிற ஒவ்வொரு வாய் தண்ணீரும் உள்ளேயேதான் தங்கும் என்பதால், சின்னப் பனிக்கட்டி ஒன்றை நாக்கில் வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

துறையில் யாவ்-தே காத்திருந்தான். பி-யுனின் தம்பி. தெற்கே பெரிய துறைமுகத்தில் இன்ஜின் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். புத்தாண்டுக்கு வந்தவன், பயணிகள் படகு இல்லாமல் இங்கேயே மாட்டிக்கொண்டான்.

"எங்க விக்கிச்சு?" என்றான்.

"கறுப்புப் பாறைகிட்ட. எப்பவும் போல."

"எத்தனை நிமிஷம் ஓடுச்சு?"

"நான் என்ன, கடிகாரத்தை முழுங்கிட்டா உட்கார்ந்திருந்தேன்? டேய், புத்தாண்டுக்கு முன்னாடி இதைப் பிரிச்சு மேஞ்சது யாரு? நீதானே? அதுக்கு முந்தின நாள் வரைக்கும் இது குதிரை மாதிரி ஓடிச்சு."

"சர்வீஸ்தான் பண்ணேன், அக்கா. கியர் ஆயில் மாத்தினேன். கார்புரேட்டர் தொடச்சேன்."

"தொடைக்கிறேன்னு எதையோ தொலைச்சிருக்க."

யாவ்-தே இன்ஜின் மூடியைக் கழற்றினான். அவன் காதுமடல் சிவந்துவிட்டதைப் பார்த்தேன். காற்றின் குளிர் என்றும் சொல்லலாம். மூன்று நாளாக இதே பேச்சு. சாப்பாட்டு மேசையில், வாசலில், துறையில், போவோர் வருவோர் முன்னால். அவள் கெட்டவள் இல்லை. பயந்துபோயிருந்தாள். பயம் வந்தால் அவளுக்கு வாய்தான் முதலில் திறக்கும்.

ஊரில் வேறு படகு கேட்கலாமே என்றால், வடகிழக்குக் காற்றுக் காலத்தில் சின்னப் படகுகள் எல்லாம் கரையேறிக் கிடக்கும். கடலில் இருந்த ஒரே பெரிய படகு, பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழாவுக்கு கடல் காக்கும் மாட்ஸு அம்மன் கோயிலில் மூட்டைகளை அடுக்கிச் செய்கிற அரிசி ஆமைக்கு அரிசி ஏற்றி வரப் போயிருந்தது. மாலைதான் திரும்பும்.

"கடலோரக் காவலைக் கூப்பிடட்டுமா, அண்ணே?" பி-யுன் இரண்டாவது முறையாகக் கேட்டாள்.

"நடந்துதானே துறைக்கு வந்தேன். நடக்கிற மனுஷனுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"நடக்கிற மனுஷனா? வர்ற வழியில மூணு இடத்துல உட்கார்ந்தீங்க. நான் பார்க்கலைன்னு நெனச்சீங்களா? பதினோரு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல உங்களைக் கேட்க மாட்டேன், நானே கூப்பிடுவேன்."

யாவ்-தே பிளக் இரண்டையும் கழற்றிப் பார்த்தான். ஒன்று கொஞ்சம் கறுத்திருந்தது. "இதா இருக்கலாம்" என்று புதிதாக இரண்டு மாட்டினான். தண்ணீருக்குள் சுழலும் விசிறியைத் தூக்கி, கயிறோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். இல்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று டேங்க் மூடியைத் திறந்து, ஒரு குழாய் விட்டு அடியிலிருந்து உறிஞ்சி கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்தான். சுத்தமாக இருந்தது. மூடியை இறுக்கி மூடினான்.

நான் துறையின் மேல் அங்குமிங்கும் நடந்தேன். உட்காரவும் பிடிக்கவில்லை, நிற்கவும் முடியவில்லை. கோயில் கூரை தெரிகிற இடத்துக்கு வரும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு வரி சொன்னேன். பெரிய பிரார்த்தனை ஒன்றும் இல்லை. "தாயே, இன்னிக்கு மட்டும்." புதன்கிழமையும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு மறுபடி கிளம்பினோம். இந்த முறை யாவ்-தேயும் ஏறிக்கொண்டான்.

கறுப்புப் பாறை வந்தது. இன்ஜின் இருமவில்லை. பாறை பின்னால் போனது. யாவ்-தே அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தாள், ஆனாலும் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய தீவின் காற்றாலைகள் தெளிவாகத் தெரிந்தன. நான் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் விக்கியது.

ஒருமுறை இல்லை, நாலைந்து முறை. பிறகு அடியோடு நின்றுவிட்டது. திடீரென்று கடலின் சத்தம் மட்டும். நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கியது. திட்டின் மேல் உடைகிற வெள்ளை அலை வரிசை இடது கைப்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"இழுடா! கயித்தை இழு!"

"இழுக்கிறேன்ல!"

"இது இழுக்கிறதா? நூடுல்ஸ் இழுக்கிற மாதிரி இருக்கு!"

ஏழாவது இழுப்பில் உயிர் வந்தது. மெதுவாக, பிடியைத் தொடப் பயந்தவர்கள் போல, நீரோட்டத்துக்குக் குறுக்கே சாய்ந்து சாய்ந்து துறைக்குத் திரும்பினோம். துறைச் சுவருக்குள் நுழைந்த பிறகுதான் பி-யுன் பேசினாள். அதுவும் கத்தாமல், ரொம்ப மெதுவாக.

"உனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, யாவ்-தே. ஒரு மனுஷனோட உசிரு இது. உன் பட்டறைப் பெருமைக்கு இவரு பலியாகணுமா?"

அவன் இறங்கி, துறையின் கல் மேல் ஒரு துண்டை விரித்து, கார்புரேட்டரைக் கழற்றி வைத்தான். ஒரு சின்னத் திருகு கையிலிருந்து நழுவி உருண்டது. கடலில் விழுவதற்குள் நான் காலால் தடுத்தேன். குனிந்து எடுக்க முடியவில்லை. அவனே வந்து எடுத்தான்.

"அண்ணே, நான் எதையும் தொலைக்கல" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எல்லாத்தையும் படம் பிடிச்சு வெச்சுத்தான் பிரிச்சேன். ஆனா எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

நாற்பது வயது ஆள் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. தோளைத் தட்டினேன். வேறு என்ன செய்வது?

மெல்லிய செப்புக் கம்பியால் பெட்ரோல் போகிற நுண்துளைகளைக் குத்தி, ஊதி, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி ஊதினான். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. திரும்ப மாட்டினான். ஃபில்ட்டரை மாற்றினான். பத்தரை தாண்டிவிட்டது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. சுவருக்கு வெளியே அலைகளின் தலை வெளுக்கத் தொடங்கியிருந்தது. மதியத்துக்கு மேல் சின்னப் படகுகள் வெளியே போகக்கூடாது என்று காலையிலேயே வானொலியில் சொல்லிவிட்டார்கள்.

"இந்தத் தடவை கடலுக்குப் போக வேணாம்" என்றான் யாவ்-தே. "இங்கயே கட்டிப் போட்டு, கியர்ல போட்டு, முழு வேகத்துல ஓட விட்டுப் பார்ப்போம். அக்கா, நீ பிடியைப் பிடி. நான் இன்ஜினைப் பார்க்கிறேன். அண்ணே, உங்களால முடிஞ்சா இந்தப் பம்பைக் கையில வெச்சுக்கோங்க."

டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற குழாயின் நடுவில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். கிளப்பும் முன் அதைப் பிசைந்தால் பெட்ரோல் மேலே ஏறும். அதைத்தான் சொன்னான். "அது கல்லு மாதிரி இருக்கணும். தொளதொளன்னு ஆனா சொல்லுங்க."

நான் படகின் தரையில், சிவப்பு பிளாஸ்டிக் டேங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட அதைக் கட்டிக்கொண்ட மாதிரி. கட்டுக் கயிறுகள் விறைத்தன. இன்ஜின் அலறியது. பின்னால் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது.

முதல் நிமிடம் குமிழ் கெட்டியாக இருந்தது. இரண்டாவது நிமிடமும் அப்படியே. மூன்றாவது நிமிடத்தில் என் விரல்களுக்கு அடியில் அது மெல்லத் தளர்ந்தது. பிறகு தளர்ச்சி இல்லை, சுருக்கம். யாரோ அந்தப் பக்கமிருந்து உறிஞ்சுவது போல் அதன் இரண்டு பக்கமும் உள்வாங்கி ஒட்டிக்கொண்டது. என் தோளை ஒட்டியிருந்த டேங்கின் வயிறு 'டொக்' என்று உள்ளே போனது.

எனக்கு நேற்றைய நாற்காலி ஞாபகம் வந்தது. மூச்சை இழுக்க இழுக்க உள்ளே ஒன்றும் வராத அந்த அவஸ்தை.

"தட்டையாயிடுச்சு!" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் இன்ஜின் விக்கி நின்றது.

"அப்ப குழாய்லதான் அடைப்பு" என்று யாவ்-தே துறை மேல் தாவி ஏறினான். "வீட்டுல பழைய குழாய் இருக்கு, எடுத்துட்டு வரேன்."

பி-யுன் அவன் பின்னால் கத்தினாள். "பழைய குழாயா? உன் மூளையையும் அங்கதான் வெச்சிருக்கியா, அதையும் எடுத்துட்டு வா!" பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு, கடலோரக் காவலின் எண்ணைத் தேட, காற்று மறைவான இடமாகப் பார்த்துச் சுவரோரம் போனாள்.

நான் மட்டும் டேங்கோடு இருந்தேன். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது பார்க்கலாம் என்று மூடியைத் திருகினேன். அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால்தான் கேட்டது. 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்கிற சத்தம். டேங்கின் வயிறு 'டொக்' என்று பழையபடி வெளியே வந்தது. கையிலிருந்த குமிழும் உப்பியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதன் மையத்தில் ஒரு துளை இருக்க வேண்டும், பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வருவதற்கு. துளை இருந்தது. ஆனால் அதன் வழியாக வானம் தெரியவில்லை. சிவப்பாக எதுவோ மறைத்திருந்தது.

அது என்ன என்று எனக்குத் தெரியும். நான் ஒட்டியதுதான்.

புத்தாண்டுக்கு முந்தின மாலை. ஊர் வழக்கப்படி வாசலில், அரிசிப் பானையில், தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் சிவப்புத் தாள் ஒட்டி முடித்தேன். 'நிறைவு' என்று எழுதிய ஒன்று மிச்சம் இருந்தது. இந்தக் காலத்துத் தாள், மழைக்கும் உப்புக்கும் அசையாத பிளாஸ்டிக். பி-யுன் எனக்குச் செய்த உதவிக்கெல்லாம் கைம்மாறாக எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். உலர்ந்த கணவாய் மீன் கொண்டுபோய் வாசலில் வைத்தால் என் வாசலுக்கே திரும்பி வரும். அவளுக்குத் தெரியாமல் ஒரு நல்ல வார்த்தையாவது அவள் படகில் இருக்கட்டும் என்று துறைக்குப் போனேன். டேங்க் மூடியில் ஒட்டினேன். என்றைக்கும் நிறைந்திருக்கட்டும் என்று. நடுவில் ஒரு ஓட்டை இருந்ததைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் உள்ளே போய்விடுமே, இதுவும் அடைபட்டால் நல்லதுதானே என்று விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டேன்.

அதை யாரும் கவனிக்காததிலும் அதிசயமில்லை. எங்கள் ஊரில் இந்த மாதம் சிவப்புத் தாள் இல்லாத பொருள் கிடையாது. படகின் மூக்கில் ஒன்று, இன்ஜின் முதுகில் ஒன்று, தண்ணீர் இறைக்கிற வாளியில்கூட ஒன்று. ஒட்டியதைத் தானாக விழும்வரை யாரும் கிழிக்க மாட்டோம். யாவ்-தே அந்த மூடியை எத்தனை முறை திறந்தான்! திறக்கும்போதெல்லாம் டேங்க் மூச்சு விட்டுக்கொண்டது. அதனால்தான் ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் எனக்கு வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. மூடியை அரைத் திருகு தளர்த்தி வைத்துவிட்டால் போதும். யாவ்-தே பழைய குழாயை மாட்டுவான். இன்ஜின் ஓடும். குழாய்தான் காரணம் என்று எல்லாரும் நம்புவார்கள். நான் பெரிய தீவு போய்ச் சேர்வேன். மூன்று நாள் இரண்டு பேரை அலைக்கழித்தது, இன்று பாறைத் திட்டு வரை கொண்டுபோனது என்னுடைய இரண்டு அங்குலத் தாள் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் சர்வீஸ் செய்தபோது குழாயையும் பார்த்திருக்க வேண்டியவன் யாவ்-தேதானே? பி-யுன் அதை விடுவாளா? ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். அவனும் நம்பிவிடுவான். இப்போதே பாதி நம்பிவிட்டான். நல்ல எண்ணத்தோடு செய்தது தப்பாகப் போகலாம், அதை அம்மன் மன்னிப்பாள். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இன்னொருவன் தலையில் அதை ஏற்றினால், பிறகு நான் எந்த முகத்தோடு ஊதுபத்தி ஏற்றுவது?

யாவ்-தே மூச்சிரைக்க ஓடி வந்தான், தோளில் சுருட்டிய குழாயோடு. எதிர்ப்பக்கத்திலிருந்து பி-யுனும் வந்தாள், இன்னும் எண்ணை அழுத்தாத தொலைபேசியோடு.

"தம்பி, குழாயைக் கீழ வை" என்றேன். "பி-யுன், நீயும் வா. இது இவன் தப்பு இல்ல. என் தப்பு."

"என்ன அண்ணே உளர்றீங்க? மயக்கமா வருதா?"

"மூடியில இருக்கிற தாளை நான்தான் ஒட்டினேன். புத்தாண்டுக்கு முந்தின நாள். ஓட்டை மேலயே ஒட்டிட்டேன்."

யாவ்-தே மூடியை வாங்கினான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான், வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, இதுல இருந்த காத்துத் திருகு எங்க?"

"அது கடல்ல விழுந்து மூணு வருஷமாச்சே. ஓட்டை எப்பவும் தொறந்துதானே கிடக்கு."

"தொறந்து கிடக்கா? வந்து பாரு."

அவள் வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று இருந்தது.

முதலில் சிரித்தது யாவ்-தேதான். குழாயைத் தோளில் போட்டபடியே கல் மேல் உட்கார்ந்துவிட்டான். "புதன்கிழமை ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு, கார்புரேட்டரை ரெண்டு தடவை கழட்டினேன். ரெண்டு தடவை! இந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கழட்டினேன். 'நிறைவு'ன்னு போட்டிருக்கு, நல்லா இருக்கட்டும்னு நெனச்சுக்கிட்டே கழட்டினேன்!"

"மன்னிச்சிடு, தம்பி. மன்னிச்சிடும்மா."

"சும்மா இருங்க அண்ணே" என்றாள் பி-யுன். "கணவாயைத் திருப்பி அனுப்பினதுக்கு எனக்கு இது வேணும். பேசாம வாங்கித் தின்னிருக்கலாம்." அவள் தம்பியைப் பார்க்கவில்லை. ஆனால் மடியில் சுற்றி வைத்திருந்த துணியை எடுத்து, எண்ணெயும் கிரீசுமாக இருந்த அவன் கைமேல் போட்டாள். அவன் துடைத்துக்கொண்டான்.

பிறகு நகத்தால் தாளின் ஓரத்தைச் சுரண்டப் போனான்.

"கிழிக்காத!" அவள் பதறினாள். "மாசம் முடியல. விளக்குத் திருவிழா வேற வரல."

"அப்ப இன்ஜின் மூக்கைப் பொத்திக்கிட்டே ஓடணுமா?"

நானும் பயந்துதான் போயிருந்தேன். நானே ஒட்டியதை நானே கிழிப்பது எனக்கும் மனதுக்கு ஒப்பவில்லை. கடலுக்குப் போகிற நேரம் வேறு. மூன்று பேரும் அந்த மூடியைச் சுற்றி நின்றோம், பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்கள் போல. கடைசியில் யாவ்-தே அந்தச் செப்புக் கம்பியை எடுத்தான். எழுத்துகளுக்கு நடுவே, துளை இருக்கிற இடத்தைக் கணக்குப் பார்த்து, மெல்லக் குத்தித் திருகினான். தாள் கிழியவில்லை. துளை வழியாக வானம் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்தது.

"மாட்ஸு அம்மன் கோவிச்சுக்க மாட்டாளே?" என்றேன்.

"கோவிச்சுக்கவே மாட்டா" என்றாள் பி-யுன். "அவளும் மீன்காரன் வீட்டுப் பொண்ணுதானே. படகு வீடு வந்து சேரணும், அவளுக்கு அது போதும்."

கட்டிப் போட்டபடியே ஓட்டிப் பார்த்தோம். நான் குமிழைப் பிடித்திருந்தேன். ஐந்து நிமிடம் கல்லாக இருந்தது. எட்டு நிமிடம், அப்போதும் கல்லாகத்தான் இருந்தது. இன்ஜினின் சத்தம் ஒரே நூலில் போனது.

"போதும்" என்றாள் பி-யுன். "காத்து நமக்காகக் காத்திருக்காது."

பதினோரு மணி இருபது. சுவரைத் தாண்டியதும் முதல் அலை எங்கள் மூன்று பேரையும் நனைத்துவிட்டது. பி-யுன் பிடியை முழுக்க முறுக்கினாள். கறுப்புப் பாறை வந்தது, போனது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நின்றுபோன இடம் நெருங்கியதும் எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். இடது பக்கம் திட்டின் வெள்ளை வரிசை. யாவ்-தே கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். அலை மேலே தூக்கும்போது விசிறி காற்றில் சுழன்று ஒரு கணம் கூவும். அப்போதெல்லாம் குமிழைத் தொட்டுப் பார்த்தேன். ஆனால் இருமல் இல்லை. திட்டு மெல்லப் பின்னால் போனது. காற்றாலைகளின் இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு பெரிய தீவின் சுவர் காற்றை மறைக்க, கடல் சட்டென்று அடங்கியது.

நீர் நன்றாக வற்றியிருந்தது. துறையின் கல் படிகள் பன்னிரண்டு, பதிமூன்று வெளியே தெரிந்தன. எல்லாம் பச்சை. நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு படி மேலே பார்த்தாலே மூச்சு வாங்கியது.

யாவ்-தே படகிலிருந்து முதல் படிக்குத் தாவினான். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"ஏறுங்க."

"வேணாம் தம்பி. ரொம்பக் கனமா இருப்பேன். நாலு நாள் தண்ணி எல்லாம் உடம்புலதான் நிக்குது."

"பட்டறையில இதைவிடக் கனமான இன்ஜினை எல்லாம் தூக்கியிருக்கேன். அது இப்படி நன்றியும் சொல்லாது, மன்னிப்பும் கேக்காது. ஏறுங்க அண்ணே, மணியாகுது."

அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவன் எழுந்தான். பெட்ரோல் வாசனையும் உப்பு வாசனையும் அடித்தன. முதல் படி, இரண்டாவது படி. மேலே, பி-யுன் போனில் சொல்லி வைத்திருந்த ஆஸ்பத்திரி வண்டி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

"டேய், யாவ்-தே!" கீழே படகிலிருந்து பி-யுன் கத்தினாள்.

அவன் நின்றான். அவன் தோள்கள் இறுகியதை என் கைகளுக்கு அடியில் உணர்ந்தேன்.

"படியெல்லாம் பாசியா இருக்குடா. பார்த்துக் காலை வை. விழுந்துடாத."

மூன்று நாளில் அவனுக்கு அக்காவிடமிருந்து கிடைத்த முதல் அக்கறையான பேச்சு அது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை முதுகில் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டான். அவள் சொன்னபடியே, அடுத்த படியில் பாசியில்லாத இடமாகப் பார்த்து, மெதுவாகக் காலை வைத்தான்.